லோகா அக்காவும் கூண்டில்லாத கோப்பியும்

லோகா அக்கா வேலைக்குக் கிளம்பும் காட்சியைப் பக்கத்து வீட்டு ரம்லத் அக்கா தன் வாசலில் நின்று தினமும் பார்ப்பார். பார்க்க வேண்டிய காட்சிதான். கனத்த சப்பாத்து, மினுங்கும் மஞ்சள் மேலங்கி, எல்லாம் மாட்டிக்கொண்ட பிறகு சாமி மேடையில் இருக்கும் மந்திரப் பெட்டியைத் தட்டிவிடுவார். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி. சார்ஜ் ஏற்றிவிட்டால் நாள் முழுக்க 'ஓம் சரவணபவ' என்று ஒரே ராகத்தில் பாடிக்கொண்டிருக்கும். அப்புறம் கிரில் கதவுக்கு வெளியே நின்று நாயிடம் விடைபெறுவார்.

"கோப்பி, அம்மா போயிட்டு வரேன்டா. சமத்தா இருக்கணும். யாரு வந்தாலும் குலைக்கணும். ரம்லத் அக்கா வந்தா மட்டும் குலைக்கக் கூடாது. சரியா? என் தங்கம்ல?"

"என்னைப் பார்த்துத்தான் லா அது ரொம்பக் குலைக்குது" என்பார் ரம்லத் அக்கா, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து.

முழுப்பெயர் லோகேஸ்வரி. கிள்ளானில் மாடி வைத்த வரிசை வீடு ஒன்று அவருக்குச் சொந்தம். மாடி அறையில் நான் குடியிருக்கிறேன். திருச்சியிலிருந்து வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு, கவலைப்படுவது இன்னொரு முழுநேர வேலை. விசா புதுப்பிப்பார்களா, கொமுட்டர் ரயில் நேரத்துக்கு வருமா, அறைக் கதவைப் பூட்டினேனா இல்லையா. அக்கா இதற்கு நேர்மாறு. போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் செக்கர். கொள்கலன் லோரி வந்து நின்றால் முதலில் கதவு முத்திரையைச் சரிபார்த்து, பிறகு பெட்டிகளைச் சரிபார்த்து, குறைந்தால் ஓட்டுநரை மலாயில் ஏசியும், சரியாக இருந்தால் தமிழில் வாழ்த்தியும் அனுப்பிவைப்பவர். அப்பா காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்காரர். பள்ளி முடித்த கையோடு அக்கா கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார், தம்பியைப் படிக்கவைத்தார், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"பொண்ணு பார்க்க வந்தவங்க எல்லாரும் வேலைய விடுன்னாங்க. நான் அவங்கள விட்டுட்டேன்."

கோப்பி, எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தபோது விட்டுச்சென்ற நாய். பாலில்லாத காப்பியின் நிறம்; காப்பிக்கு இந்த ஊரில் பெயர் கோப்பி. நாயோடு ஒரு பெரிய கம்பிக் கூண்டும் வந்தது. குட்டியிலிருந்தே அவனை அதில் பழக்கியிருந்தார்கள். மந்திரப் பெட்டி பாட ஆரம்பித்ததும் தானாகவே எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்வான். அக்கா கொக்கியைப் போட்டுவிட்டுக் கிளம்புவார். பகல் இடைவேளையில் தன் பழைய கஞ்சில் காரை ஓட்டிக்கொண்டு வந்து அவனை வெளியே விட்டு, மறுபடி போட்டுவிட்டுப் போவார். ஒரு தொந்தரவும் இல்லை. சென்ற ஆண்டு முடிவில் மழை கொட்டும் வரைக்கும்.

அன்று கால்வாய் நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. அக்கா துறைமுகச் சாலையில் லோரிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டார். நான் ஓடாத ரயிலில் உட்கார்ந்திருந்தேன். கோப்பி கீழ்த்தளத்தில், கூண்டுக்குள், கொக்கி போட்டபடி. அக்கா ரம்லத் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தார். மாற்றுச் சாவி அப்போது அவர்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. ரம்லத் அக்காவின் கணவர் அப்துல் ஜலீல் அண்ணன், உணவுக்கடை வைத்திருப்பவர், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து பூட்டைத் திறந்தார். கோப்பி மூக்கைக் கூண்டின் மேல்கம்பியில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தானாம். அண்ணன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

ஈர நாயைத் தொட்டுவிட்டால் அவர்கள் மார்க்கப்படி மண் கலந்த நீரிலும் நல்ல நீரிலுமாகத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். அக்கா வந்து சேர்ந்து, கண்ணீரோடு கையெடுத்துக் கும்பிட்டபோது ஜலீல் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "அதெல்லாம் இருக்கட்டும் தங்கச்சி. ஊரு பூரா மண்ணும் தண்ணியுமாத்தான் கெடக்கு. கழுவிக்க ஒரு கை சுத்தமான தண்ணி எங்க இருக்குன்னு சொல்லு."

தண்ணீர் வடிந்ததும் அக்கா குறடை எடுத்துக் கூண்டின் கொக்கியைப் பிடுங்கி எறிந்தார். கூண்டைப் பின்கட்டுக்குத் தள்ளினார். "இனிமே இவனைப் பூட்ட மாட்டேன். வீடு பூரா அவனுது" என்றார்.

கூண்டை எடுத்துவிட்டால் நாய்க்கு விடுதலை என்றுதான் நாங்கள் நினைத்தோம். கோப்பிக்கோ அது குடியிருந்த வீட்டை இடித்துத் தெருவில் விட்டதுபோல் ஆகிவிட்டது. மழைநாளுக்குப் பிறகு எடுத்திருந்த விடுப்பு முடிந்து அக்கா வேலைக்குப் போன முதல் நாளே சோபாவின் வயிற்றைக் கிழித்துப் பஞ்சை எடுத்தான். நாள்காட்டியில் ஒரு தாள் மிஞ்சவில்லை. கதவின் கீழ்ப்பகுதியில் நகத்தால் பள்ளம் தோண்டியிருந்தான். கால் நுனியில் ரத்தம். ரம்லத் அக்கா வாசலுக்கே வந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதே லோகா. காலைலேர்ந்து ஊளை. எங்க வீட்டுல யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு மச்சான் கடையிலேர்ந்து ஓடியாந்துட்டார்." மச்சான் என்று அவர் சொல்வது கணவரை.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் செய்தி வந்தது. புலாவ் இண்டாவில் நிறுவனம் கட்டியிருக்கும் புதுக் கிடங்குக்கு அக்காவைச் சூப்பர்வைசராகப் போடுகிறார்கள்! அந்த நிறுவனத்தில் அந்த நாற்காலியில் ஒரு பெண் இதுவரை உட்கார்ந்ததில்லை. தனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அக்கா. அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு கிழிந்த சோபாவில் உட்கார்ந்து கோப்பியைப் பார்த்தார்.

"புலாவ் இண்டாலேர்ந்து பகல்ல வந்துட்டுப் போக முடியாது மா. ஷிப்ட்டு முழுக்க இவன் தனியா இருக்கணும்."

ஜெஞ்சாரோமில் எண்ணெய்க்கான செம்பனைத் தோப்பு வைத்திருக்கும் தம்பி யுகேந்திரன் உடனே வழி சொன்னார். "அக்கா, இங்க விட்டுடு. ஏற்கெனவே ஒரு கூட்டம் நாய் கெடக்கு. அதோட அது."

"சங்கிலியிலயா?"

"பின்ன? பழம் ஏத்துற லோரி வந்து போற எடம்க்கா. அவுத்தா விட முடியும்?"

"வெள்ளத்துல கூண்டுன்னா, வெயில்ல சங்கிலியா? வேண்டாம்டா."

"அப்ப சூப்பர்வைசர் வேலைய வேண்டாம்னு சொல்லு. அதுவும் சொல்ல மாட்ட. சரி, புது வேலையில மொத நாளு எப்படின்னு பார்ப்போம். ஊளைய விட்டான்னா ஞாயித்துக்கிழம நானே லோரி எடுத்துட்டு வரேன். அப்புறம் அழுவக் கூடாது."

அக்கா ஒப்புக்கொண்டார். புது வேலைக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதற்குள் கோப்பியைத் தனியே இருக்கப் பழக்கியாக வேண்டும்.

கவலைப்படுகிறவர்கள் நிறையப் படிப்பார்கள். நாயைக் கூண்டிலிருந்து வெளியே பழக்குவது பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் நான் ரயிலில் படித்தேன். வீடு முழுவதையும் ஒரேயடியாகத் திறந்துவிடக் கூடாது. கூண்டு இருந்த இடத்திலேயே அதே அளவில் ஒரு படுக்கை வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தனியே விட வேண்டும். இதெல்லாம் அக்காவுக்குச் சம்மதம். மின்விசிறிக்குக் கீழே, சுவருக்கும் அலமாரிக்கும் இடையில், பழைய கோரைப்பாய் மேல் தான் கட்டி நைந்த பாத்தேக் சாரோங் கைலியை மடித்துப் போட்டார். அடுக்களைக்குக் குறுக்கே பலகை வைத்தார். நான்காவது விஷயத்தில்தான் சண்டை வந்தது.

"அக்கா, கிளம்பும்போது கொஞ்சக் கூடாதாம். ஒண்ணும் சொல்லாம போயிடணுமாம்."

"ஒண்ணும் சொல்லாமயா?" அக்கா இடுப்பில் கைவைத்தார். "எழவு வீட்டுலேர்ந்துதான் மா சொல்லாம போவாங்க. நான் என் வீட்டுலேர்ந்து அப்படிப் போகணுமா?"

எங்கள் ஊரிலும் அப்படித்தான். துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' சொல்லக் கூடாது. மற்ற எந்த வீட்டிலும் சொல்லாமல் படியிறங்கக் கூடாது. நெடுநேரம் யோசித்துவிட்டு அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் பல் துலக்கும்போதே சொல்லிவிடுவது! வாயில் நுரையோடு, "கோப்பி, போயிட்டு வரேன்" என்பார். அதற்குப் பிறகு குளித்து, பசியாறி, சப்பாத்து மாட்டி, நிஜமாகவே கிளம்பும்போது ஒரு வார்த்தை கிடையாது. நாய் பக்கமே திரும்பாமல் விறைப்பாக நடந்து போவார்.

"என்ன லோகா, நாய்கூடச் சண்டையா? மூஞ்ச திருப்பிக்கிட்டுப் போற?" என்று ரம்லத் அக்கா கேட்டார்.

"சத்தம் போடாதீங்கக்கா, பயிற்சி!"

பயிற்சியில் சாமான் கடைக்குப் போய்த் திரும்புவோம். தெருமுனை வரை போய்த் திரும்புவோம். எங்கே போனாலும் கிரில் சாத்திய கையோடு உள்ளே ஊளை எழும். பழைய கைப்பேசி ஒன்றை அரிசி டின் மேல் சாய்த்துவைத்து, அதன் வழியாக வீட்டுக்குள் நடப்பதை என் கைப்பேசியில் பார்க்க ஏற்பாடு செய்தேன். அக்கா போட்டுக்கொடுத்த படுக்கையைக் கோப்பி சுற்றிச் சுற்றி வந்தான். ஏறவில்லை. ஒவ்வொரு நாளும் அதே கதை. அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கத் தொடங்கினார். ஒரு நாள், "தம்பிகிட்ட சொல்லிடவா மா?" என்று கேட்டார். லோரிக்காரர்களை நடுங்கவைக்கும் குரல் அது. அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாமி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா அடுக்களையில் நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தார். நெத்திலி வாசனையில் கோப்பி பலகையோரம் கால் நீட்டிக் கிடந்தான். உலகத்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மந்திரப் பெட்டியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தட்டுத் தட்டினேன். 'ஓம் சரவணபவ...'

கோப்பி துள்ளி எழுந்தான். கூடத்தின் மூலைக்கு, கூண்டு இருந்த இடத்தில் இப்போது விரித்திருந்த பாயின் ஓரத்துக்கு ஓடினான். அங்கே நின்று நடுங்கினான். எச்சில் ஒழுகியது. பிறகு அவன் செய்ததைப் பார்த்து என் கையிலிருந்து துணி நழுவியது. காய்ந்த தரையில் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தான், கால் நனைகிறாற்போல. மூக்கை மேலே, இல்லாத கம்பிக்கு நீட்டினான்.

"அக்கா! ஓடி வாங்க!"

அகப்பையோடு வந்த அக்கா ஒரு கணம் பார்த்தார். எட்டிப் பெட்டியை அணைத்தார்.

"அன்னிக்கும் இது பாடிக்கிட்டுத்தான் மா இருந்துச்சு" என்றார் மெதுவாக. "கரண்டு போயும் இது நிக்கல. தண்ணி ஏறுறப்ப, ஜலீல் அண்ணே வர்ற வரைக்கும், இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான். நான் என்னடான்னா அவனுக்குத் தொணையா இருக்கட்டும்னு தெனமும் போட்டுட்டுப் போறேன்!"

கண்டுபிடித்துவிட்டோம்! கோப்பி தனிமைக்கு மட்டும் பயப்படவில்லை. பெட்டி பாடினால் பூட்டு, பூட்டினால் தண்ணீர். அவன் கணக்கு அது.

"அப்ப பெட்டியே வேண்டாம்க்கா. எடுத்து உள்ள வெச்சுடலாம்."

"ஆளில்லாத வீட்டுல சாமி பேரு ஓடலேன்னா எனக்கு வேலை ஓடாது மா. எங்கம்மா இருந்த வரைக்கும் வீட்ட சும்மா போட்டுட்டுப் போனதில்ல." அகப்பையால் காற்றில் இரண்டு முறை தட்டினார். "இப்படிச் செய்வோம். போறப்ப மட்டும் போட்டாத்தானே பயம்? எப்பவும் போடுவோம்!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சரவணபவனுக்கு ஓய்வில்லை. முதலில் காதில் விழுமா விழாதா என்ற அளவு மெதுவாக. அதே நேரம் கோப்பியின் தட்டில் நெத்திலித் தலை. பிறகு கொஞ்சம் கூட்டி, அவித்த கோழிக்கால். துணி துவைக்கும்போது பெட்டி, தொடர் பார்க்கும்போது பெட்டி, நான் வீட்டிலிருந்தபடி அலுவலகக் கூட்டத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கும்போதும் பெட்டி. "மாதவி, உங்கள் வீட்டில் ஏதாவது விசேஷமா?" என்று மேலதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

மஞ்சள் மேலங்கியைப் பார்த்தாலும் கோப்பி காதை மடக்குகிறான் என்று தெரிந்ததும் அக்கா அதையும் விடவில்லை. மேலங்கியும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தார். சப்பாத்தோடு சோபாவில் படுத்து நாடகம் பார்த்தார். கதவைத் தட்டிய தபால்காரர், தலைக்கவசத்தோடு கரண்டியும் கையுமாக நின்ற அக்காவைக் கண்டு இரண்டடி பின்வாங்கினார்.

ரம்லத் அக்கா மதிலில் கை ஊன்றி நின்றார். "லோகா, உண்மையச் சொல்லு, இது எப்ப முடியும்? நேத்து மச்சான் கடையில மாவு பெசஞ்சுக்கிட்டே உன் பாட்டு ராகத்தை இழுக்கிறார். நான் பார்த்ததும் இருமுறார்."

"முடியப்போகுதுக்கா! நேத்து அவன் பெட்டி பாடப் பாடத் தூங்கிட்டான். குறட்டை!"

"குறட்டையா?" ரம்லத் அக்காவுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. "சரி சரி, இன்னும் கொஞ்சம் சத்தமா வேணும்னாலும் வெச்சுக்கோ."

அதன் பிறகு நாட்கள் பறந்தன. சாமான் கடை வரை போனோம்: ஊளை இல்லை! பாசாருக்குப் போய் மீன் வாங்கித் திரும்பினோம்: பாயில் ஏறிப் படுத்திருந்தான், சாரோங்கைத் தாடைக்குக் கீழே சுருட்டிக்கொண்டு. நடுத்தெருவில் மீன் பையோடு அக்கா குதித்தார். கோவிலுக்குப் போய், அங்கிருந்து சாப்பிடவும் போய்த் திரும்பினோம். ஒரு செருப்பு போயிருந்தது, அதுவும் என்னுடையது. திரும்பி வந்தாலும் கொஞ்சக் கூடாது என்பது விதி. அக்கா இரண்டு கையையும் கக்கத்தில் சொருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவன் அடங்கும் வரை கூரையைப் பார்த்தபடி நிற்பார். கண் மட்டும் கீழே கீழே வரும்.

புது வேலையின் முதல் நாள் வந்தது. நுரையோடு விடைபெறுதல் முடிந்தது. பெட்டி விடிந்ததிலிருந்தே பாடிக்கொண்டிருந்தது. நாய் கடிக்கிற ரப்பர் உருளைக்குள் சோறும் சார்டின் மீனும் அடைத்துப் பனிப்பெட்டியில் உறையவைத்ததைக் கோப்பியின் முன்னே போட்டுவிட்டு, அக்கா திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார். தெருவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"கிடங்குக்குள்ள கைப்பேசி கொண்டுபோக முடியாது மா. நீதான் பார்க்கணும். ஷிப்ட்டு முடிஞ்சுதான் எடுப்பேன். ஊளைய விட்டான்னா மறைக்காம சொல்லு."

கவலைப்படுவதற்கு என்னை மாதிரி ஆள் கிடைக்க மாட்டார்கள். ரயிலில் பார்த்தேன், கேஎல் சென்ட்ரல் படிக்கட்டில் பார்த்தேன், அலுவலகத்தில் கோப்புக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். கோப்பி கதவடியில் கொஞ்ச நேரம் நின்றான். முனகினான். பிறகு திரும்பி வந்து உருளையை நக்க ஆரம்பித்தான். பாயில் படுத்தான். எழுந்தான். தண்ணீர் குடித்தான். மறுபடி படுத்தான். பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தபோது பாய் காலியாக இருந்தது.

காத்திருந்தேன். வரவில்லை. கதவடியில் இல்லை, சோபாவில் இல்லை. பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. கிரில் திறந்துகொண்டதா? சாலையில் ஓடிவிட்டானா? ரம்லத் அக்காவை அழைத்தேன்.

"சத்தமே இல்லையே மா. இரு, போய்ப் பார்க்கிறேன்." செருப்புச் சத்தம். "கிரில் பூட்டித்தான் இருக்கு. வெள்ளத்துக்கு அப்புறம் லோகா பூட்ட மாத்துனதுலேர்ந்து எங்ககிட்ட சாவி இல்ல. ஜன்னல் வழியாப் பார்க்கிறேன்... கோப்பி! கோப்பி! அல்லா, வழக்கமா என் குரல் கேட்டாலே குலைக்குமே. ஆளைக் காணோம் லா!"

தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்யும் இல்லை. ரயில் சுபாங்கில் நின்றது, ஷா ஆலமில் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது கதவைத் திறந்து மூடுவதற்குள் எனக்கு ஒரு வயது கூடியது. ஷிப்ட் முடியும் நேரம் ஆகிவிட்டது. கிள்ளானில் இறங்கும்போது அக்காவின் அழைப்பு வந்தது. மறைக்காமல் சொன்னேன். எதிர்ப்பக்கம் கஞ்சில் எஞ்சின் உறுமியது.

நான் வாசலை அடைந்தபோது கஞ்சிலும் வந்து நின்றது. அக்காவின் மேலங்கி கழுத்துவரை ஏறிக் கிடந்தது. சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருகினார். ரம்லத் அக்காவும் ஜலீல் அண்ணனும் மதிலருகே நின்றார்கள். கிரில் திறந்தது.

கூடம் போட்டது போட்டபடி இருந்தது. சோபாவில் புதுக் கிழிசல் இல்லை. கதவில் கீறல் இல்லை. ரப்பர் உருளை பளபளவென்று காலியாகக் கிடந்தது. அக்கா அடுக்களையை எட்டிப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்தினார். அப்படியே நின்றுவிட்டார்.

மாடிப்படி பாதியில் திரும்பும் இடத்தில், ஜன்னலுக்குக் கீழே, கோப்பி மல்லாந்து கிடந்தான். நாலு காலும் நாலு திசையில். ஜன்னல் வழியே தெருக்காற்று வந்து அவன் வயிற்று முடியை அசைத்துக்கொண்டிருந்தது. தானாக ஒருநாளும் படியில் கால் வைக்காதவன். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, எது குளிர்ச்சி, எங்கே காற்று என்று தனக்கு வேண்டிய இடத்தைத் தானே பிடித்திருக்கிறான். குறட்டை பெட்டிப் பாட்டோடு தாளம் தப்பாமல் வந்தது.

நான் கத்தப்போனேன். அக்கா என் வாயைப் பொத்தினார். அவர் கண்ணிலிருந்து நீர் ஓடியது. முகம் முழுக்கச் சிரிப்பு. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கீழ்ப்படியில் மெல்ல உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தார். யுகேந்திரனின் குரல் எனக்கே கேட்டது.

"என்னக்கா, மொத நாளு எப்படி? ஏன் இப்படி ரகசியம் பேசுற? கிடங்குல ஏதாவது பிரச்சினையா?"

"சத்தம் போடாதடா. தூங்குறான்."

"யாரு?"

"என் புள்ளதான். வேற யாரு."

"அப்ப ஞாயித்துக்கிழம லோரி எடுத்துட்டு வர வேண்டாமா?"

"கார்ல வாடா. பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிட்டு வா. சூப்பர்வைசர் வீட்டுல சாப்பாடு" என்றார் அக்கா, இன்னும் ரகசியக் குரலிலேயே.